கூட்டம் எண்டா காசுதான் எண்டு நினைச்சு வராம விடுற பெற்றோருக்கு

ஸ்கூல்ல இருந்து "பெற்றோர் கூட்டம், கட்டாயம் சமூகமளிக்கவும்" எண்டு ஒரு துண்டு வந்தா எங்கட ஊர் வீடுகள்ல முதல் வாற கேள்வி "இந்த முறை எவ்வளவு கேக்கப் போறாங்களாம்?" எண்டுதான். இதுல பெற்றோரைக் குறை சொல்ல ஏலாது, பல வருசமா நாங்கதான் அப்பிடிப் பழக்கி வச்சிருக்கிறம். பெயின்ற் அடிக்க, ஃபேன் போட, பரிசளிப்பு விழாவுக்கு எண்டு எல்லாத்துக்கும் கூட்டம், எல்லாக் கூட்டத்திலயும் காசு. கடைசியில கையில காசு இல்லாத அம்மா கூட்டத்துக்கு வாறதையே விட்டுட்டா. ஆனா ஸ்கூலுக்கு உண்மையில வந்தே ஆக வேண்டிய ஆள் அந்த அம்மாதான், இதைச் சொல்லத்தான் எழுதுறன்.

நான் திருகோணமலை டவுனுக்குள்ள இருக்கிற பெரிய ஸ்கூல் ஒண்டுல 9, 10, 11ஆம் தரங்களுக்குப் பகுதித் தலைவரா இருக்கிற டீச்சர். உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம், திருக்கடலூர் எண்டு டவுன் பிள்ளைகளும் வாறாங்க, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் இருந்து விடியவே பஸ் ஏறி வாற பிள்ளைகளும் இருக்காங்க. காலம 7.30க்கு மணி அடிச்சா மத்தியானம் 1.30 வரைக்கும் ஓட்டம்தான். ஒரு பாடவேளை ஒரு மணித்தியாலம்கூட இல்ல, வகுப்பில 40க்கு மேல பிள்ளைகள். நீங்களே கணக்குப் பாருங்க, ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிசம் அளவுதான் வரும். அந்த ஒரு நிமிசத்துக்குள்ள பிள்ளை ஏன் சோர்ந்து இருக்கு, ஏன் வீட்டு வேலை செய்யல, ஏன் திங்கக்கிழமையில வாறதில்ல எண்டெல்லாம் எந்த டீச்சராலயும் தனிய கண்டுபிடிக்க ஏலாது. அதுக்குத்தான் பெற்றோர் வேணும்.

முந்தி எல்லா ஸ்கூல்லயும் பெற்றோர் ஆசிரியர் சங்கம்தான் இருந்தது. 1979ல அதுக்குப் பதிலா பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வந்தது, நாங்க எஸ்.டி.எஸ் எண்டு சொல்றது அதைத்தான். அதிபர் தலைவர், டீச்சர்மார், பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் எல்லாரும் அங்கத்தவர். ஸ்கூலோட பெரிய விசயங்கள் அங்கதான் கதைச்சு முடிவாகுது. ஆனா ஆயிரக்கணக்கில பிள்ளைகள் படிக்கிற ஸ்கூல்ல எஸ்.டி.எஸ் கூட்டத்தில எழும்பி ஒரு வார்த்தை கதைக்க எத்தனை அம்மாக்களுக்குத் துணிவு வரும்? மைக் பிடிக்கிற ஆள் எப்பவும் அதே நாலு பேர்தான். அதால எனக்கு நம்பிக்கை இருக்கிறது வகுப்பு அளவில இருக்கிற பெற்றோர் குழுவிலதான். பிள்ளைகள் இருக்கிற அதே கதிரையில உக்காந்து, வகுப்பாசிரியரோட முகத்துக்கு முகம் கதைக்கலாம், பக்கத்தில இருக்கிற அம்மா யாரெண்டும் தெரியும்.

ஒரு விசயம் சொல்றன், அடையாளம் தெரியாம இருக்க சிலதை மாத்தித்தான் சொல்றன். 10ஆம் தரத்தில ஒரு பொடியன், நல்லாப் படிக்கக்கூடியவன், கிழமைக்கு ரெண்டு நாள் வரவில்ல. கேட்டா "காய்ச்சல் டீச்சர்" எண்டுவான். தாய் குவைத்தில வேலை, தகப்பன் அவனோட இல்ல, அம்மம்மாதான் வளர்க்கிறா. அம்மம்மாவுக்குக் கடிதம் அனுப்பினா பதில் இல்ல, போன் எடுத்தா அவன்தான் எடுப்பான். பிறகு அதே வகுப்பில படிக்கிற இன்னொரு பிள்ளையின்ட அம்மா, அதே ஒழுங்கையில இருக்கிறவ, குழுக் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு மெதுவா வந்து சொன்னா, "டீச்சர், அவன் விடிய கரைவலை இழுக்கப் போறான், பங்கு கிடைக்குது, அந்தக் காசிலதான் வீட்டில சாமான் வாங்குறாங்க."

அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மாவே போய் அம்மம்மாவைக் கையோட கூட்டிக்கொண்டு வந்தா. கிழவி வாசல்லயே நிண்டு "எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது மகள், கையிலயும் ஒண்டும் இல்ல" எண்டு சொல்லுது. கையில ரெண்டு 100 ரூபா நோட்டை மடிச்சுப் பிடிச்சிருக்குது, கேட்டாக் குடுக்கலாம் எண்டு யாரிட்டயோ கைமாத்து வாங்கி வந்த காசு. அண்டைக்கு அந்தக் கூட்டத்தில ஒரு சதமும் கேக்கல. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின்ட மகளும் எங்கட ஸ்கூல்தான், அவருக்குத் தெரிஞ்ச ஒரு தகப்பன் போய்க் கதைச்சார், ஸ்கூல் நாள்ல படிக்கிற பொடியன்களை வலைக்கு எடுக்கிறதில்ல எண்டு அவர் ஒத்துக்கொண்டார். 5 வயசில இருந்து 16 வயசு வரைக்கும் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பவேணும் எண்டது 2016ல இருந்து இந்த நாட்டில கட்டாயம், அதைச் சொல்லி வெருட்டியும் இருக்கலாம்தான், ஆனா வெருட்டினா அந்த வீட்டுக்கு அரிசி வராது. கிராம சேவகர் ஊடா உதவிக்கு விண்ணப்பம் போடுறதுக்கு இன்னொரு அம்மா அம்மம்மாவோட போய் வந்தா. பொடியன் இப்ப ஒழுங்கா வாறான். இதுல நான் செய்தது கொஞ்சம்தான், ஒழுங்கைக்குள்ள இருக்கிற பெற்றோருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல.

இனி நேரம் பற்றிச் சொல்லவேணும். கிழமை நாள் காலம 9 மணிக்குக் கூட்டம் வச்சா யார் வருவாங்க? இரவு கடலுக்குப் போனவர் அப்பதான் நித்திரைக்குப் போவார், மார்க்கட்டில கடை போடுறவருக்கு அதுதான் வியாபார நேரம், சீனன்குடாப் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போறவர் லீவு எடுத்தா சம்பளத்தில வெட்டு. வெள்ளி மத்தியானம் ஜும்ஆ, ஞாயிறு காலம பூசை, அதையும் பாக்கவேணும். நாங்க இப்ப சனி பின்னேரம் 4 மணிக்கு வைக்கிறம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல இழுக்கிறதில்ல, வரவேற்புரை, நன்றியுரை ஒண்டும் இல்ல. வந்து இருந்த உடனே பிள்ளையின்ட தேர்ச்சி அறிக்கையைக் கையில குடுத்துக் கதைக்கத் தொடங்குறது. தகப்பன்மார் வரத் தொடங்கினது இதுக்குப் பிறகுதான்.

காசு விசயத்தை மறைச்சுப் பிரயோசனம் இல்ல, வெளிப்படையாவே சொல்றன். 1945ல இருந்து இந்த நாட்டில இலவசக் கல்வி, பாடப்புத்தகமும் சும்மாதான் குடுக்குறாங்க, ஆனா பெரிய ஸ்கூல் ஒண்டு ஓடுறதுக்கு வாற அரச பணம் காணாது எண்டதும் உண்மை. போட்டோகொப்பி மெஷினுக்கு டோனர், டொய்லெட் பைப், தண்ணி மோட்டர் எண்டு மாசா மாசம் ஏதாவது உடையும். எஸ்.டி.எஸ் சந்தா எடுக்கிறது பிழையில்ல. பிழை எடுக்கிற விதத்தில. முந்தி நான் படிப்பிச்ச ஒரு ஸ்கூல்ல காசு கட்டாத பிள்ளைகளின்ட பெயரைக் காலைக் கூட்டத்தில வாசிச்சாங்க. ஒரு பிள்ளை அண்டைக்கு முழுக்கத் தலையை மேசையில இருந்து எடுக்கவே இல்ல, அடுத்த கிழமையும் வரல. காசு பெற்றோர் சம்பந்தப்பட்டது, அதைப் பிள்ளையிட்டக் கேக்கக்கூடாது, வகுப்பில வச்சுக் கேக்கவே கூடாது.

இன்னொண்டு, எங்கட ஊருக்கே உரிய விசயம். வாடைக் காலத்தில, நவம்பர் தொடங்கினா கடல் கொந்தளிப்பு, சின்னப் போட்டுக்காரர் கனபேருக்குத் தொழில் இல்ல, அடுத்த வருசத்துக் கொப்பி, சப்பாத்து, சந்தா எல்லாம் சேர்ந்து வாறது சரியா அந்த நேரத்திலதான். கடல் திறந்து கையில கொஞ்சம் காசு புழங்குறது சித்திரைக்குப் பிறகு. அப்ப கடல் தொழில் செய்ற வீடுகளுக்குச் சந்தாவை இரண்டாம் தவணைக்குத் தள்ளி வச்சா என்ன குறைஞ்சு போகுது? கூட்டத்தில ஒரு தீர்மானம் எடுத்துப் பதிவுப் புத்தகத்தில எழுதினாப் போதும். சேத்த காசு எவ்வளவு, செலவழிச்சது எதுக்கு எண்டு மாசம் ஒருக்கா நோட்டீஸ் போர்ட்டில ஒட்டுங்க. பெற்றோருக்கும் சொல்றன், ரசீது இல்லாம ஒரு ரூபாயும் குடுக்காதீங்க, கேக்க வெக்கப்படாதீங்க. வகுப்புக்கு வகுப்பு போட்டி போட்டு கேர்ட்டின் போடுறது, டீச்சருக்குப் பிறந்தநாள் கேக் வெட்டுறது எல்லாம் தயவுசெய்து வேணாம், வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய தண்டனை.

காசு இல்லாமலே செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கு. 1.30க்கு கேற்றடியில வந்து பாத்தீங்க எண்டா விளங்கும், வான், ஆட்டோ, ஹெல்மட் இல்லாம மூண்டு பேரை ஏத்துற பைக், இதுக்குள்ள ரோட்டுக்குக் குறுக்க நடந்து போற, எங்கட டவுனுக்குள்ள திரியிற மான்கள், எல்லாம் ஒரே நேரத்தில. தகப்பன்மார் சிலர் முறை வச்சு நிண்டு சின்ன வகுப்புகளை முதல் விட்டு, பெரிய வகுப்புகளைப் பத்து நிமிசம் பிந்தி விட்டு, வாகனத்தை ஒரு பக்கம் மட்டும் நிப்பாட்ட வச்சாங்க, அவ்வளவுதான், நெரிசல் பாதியாக் குறைஞ்சுது. தையல் தெரிஞ்ச அம்மா ஒராள் தவணை தொடங்க முதல் பழைய யூனிஃபோம் எடுத்துத் திருத்தித் தாறா, யாருக்குப் போகுது எண்டு அவவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். 11ஆம் தரப் பிள்ளைகளுக்கு டியூசன் இரவு 8 மணி வரைக்கும் இழுபட்டப்ப, ஒரே டியூட்டரிக்குப் போற பிள்ளைகளின்ட பெற்றோர் சேர்ந்து போய் நேரத்தை முன்னுக்கு எடுக்க வச்சாங்க. தனித்தனியாப் போயிருந்தா "வேற இடம் பாருங்க" எண்டு சொல்லியிருப்பாங்க, இருபது பேர் சேர்ந்து போனதால கேட்டாங்க.

பெற்றோர் தலையிடக்கூடாத இடமும் இருக்கு. யார் எந்த வகுப்புக்குப் படிப்பிக்கிறது, மாணவ தலைவர் யார், எந்தப் பிள்ளைக்கு எத்தனை மார்க்ஸ், இதெல்லாம் குழுவின்ட வேலை இல்ல. குழுத் தலைவரின்ட பிள்ளைக்கு எண்டு ஒரு சலுகையும் இருக்கக்கூடாது, ஒருக்காக் குடுத்தாலும் மற்றப் பெற்றோர் கண்டுபிடிச்சிடுவாங்க, பிறகு ஒருத்தரும் வரமாட்டாங்க.

வட்ஸ்அப் குரூப் பற்றியும் கட்டாயம் சொல்லவேணும். 2020 மார்ச்சில கொரோனாவால ஸ்கூல் பூட்டின பிறகுதான் இது எல்லா வகுப்பிலயும் வந்தது, நல்ல விசயம், ஆனா அதுக்குள்ள பிள்ளைகளின்ட மார்க்ஸ் லிஸ்ட்டைப் போடாதீங்க, ஒரு பிள்ளையின்ட பிழையை அதுல இழுக்காதீங்க. வாசிக்கத் தெரியாத பெற்றோருக்காக முக்கியமான செய்தியை வொய்ஸ்ல போடுங்க. பிள்ளைக்கு யாரோ தொந்தரவு குடுக்குறாங்க, வீட்டில அடி, இப்பிடியான எதுவும் குரூப்பிலயோ கூட்டத்திலயோ கதைக்கிற விசயமே இல்ல, நேர ஸ்கூல் ஆலோசனை ஆசிரியரிட்டப் போங்க, இல்லாட்டி சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ட 1929க்கு எடுங்க. பிள்ளை மனசு உடைஞ்சு கதைக்குது, சாப்பிடுதில்ல, நித்திரை இல்ல எண்டா 1926 இருக்கு, அது மனநல உதவிக்கான இலக்கம்.

இப்ப எங்கட குழுக்கள் செய்துகொண்டிருக்கிற வேலை ஒண்டைச் சொல்றன், மற்ற ஸ்கூல்களும் செய்யலாம். 2024 நவம்பர்லயும் 2025 நவம்பர்லயும் ஏ.எல் சோதனை நடந்துகொண்டிருக்கேக்க மழை வெள்ளத்தால இடையில நிப்பாட்ட வேண்டி வந்தது. சோதனை நாளைக்கு இருக்கா இல்லையா எண்டு தெரியாம, கரண்டும் இல்லாம, போன்ல சார்ஜும் இல்லாம எத்தனை பிள்ளைகள் தவிச்சாங்க எண்டு எங்களுக்குத்தான் தெரியும். அதால ஒவ்வொரு வகுப்புக் குழுவும் ஒரு லிஸ்ட் எழுதுது: எந்த ஒழுங்கையில எந்தப் பிள்ளை, அந்த ஒழுங்கையில முதல்ல தண்ணி ஏறுற வீடு எது, உயரமான பைக் இல்லாட்டி லொறி யாரிட்ட இருக்கு, போன் வேலை செய்யாட்டி நடந்து போய்ச் சொல்லக்கூடியவர் யார், பரீட்சை அனுமதி அட்டையை பொலித்தீன்ல சுத்தி வைக்கச் சொல்லியாச்சா. இது செப்டம்பருக்குள்ள முடியவேணும், மழை தொடங்கின பிறகு எழுதிப் பிரயோசனம் இல்ல. எங்கட லிஸ்ட்டில இன்னும் நிலாவெளி ரோட்டுப் பக்கம்தான் வெறுமையாக் கிடக்கு, அங்க இருக்கிற பெற்றோர் யாராவது இதை வாசிச்சா வாற சனி பின்னேரம் ஒருக்கா ஸ்கூலுக்கு வாங்க.