கிர்ஹென்பூக்: போதகர் எழுதிவைத்த ஏடு

ஜெர்மானிய முன்னோரைத் தேடிப் போகிறவர் முதலில் முட்டிக்கொள்ளும் சொல் ‘கிர்ஹென்பூக்’. ‘கிர்ஹெ’ என்றால் தேவாலயம், ‘பூக்’ என்றால் புத்தகம். சேர்த்துப் படித்தால் ஏதோ ஜெபப் புத்தகம், பாட்டுப் புத்தகம் போலத் தோன்றும். அதெல்லாம் இல்லை. சபையில் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், யாருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள், யாரை அடக்கம் செய்தார்கள் என்று போதகர் வருடக்கணக்கில் எழுதிவந்த ஏடு இது.

‘கிர்ஹெ’யின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘கூரியாகோன்’, அதாவது ஆண்டவருக்கு உரியது. ஆங்கிலத்தின் ‘சர்ச்’சும் அதே வேரில் முளைத்ததுதான். ‘பூக்’ என்பதைப் பீச் மரத்தின் ஜெர்மன் பெயரான ‘பூஹெ’யோடு முடிச்சுப்போடுவது பழைய வழக்கம், எல்லா அறிஞரும் ஒப்புவதில்லை. பனையோலையிலிருந்து ‘ஏடு’ம் ‘ஓலை’யும் பெற்ற நமக்கு அந்தக் கதை பிடித்துப்போகும் என்பது வேறு விஷயம்.

சீர்திருத்தச் சபைகளுக்கு வழிவகுத்த மார்ட்டின் லூத்தர் 1483-இல் பிறந்தபோது இப்படி எழுதும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. அவர் பிறந்த நாளும் நேரமும் அவருடைய அம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தன, வருடம்தான் உறுதியாக இல்லை என்று நண்பர் மெலாங்க்தோன் எழுதிவைத்திருக்கிறார். பிராண்டன்பர்க்–நியூரம்பர்க் பகுதிக்காக 1533-இல் வந்த லூத்தரன் சபை ஒழுங்கு, ஞானஸ்நானம் பெறுவோர் பெயரையும் மணம் முடிப்போர் பெயரையும் எழுதிவைக்கச் சொன்னது. கத்தோலிக்கத் தரப்பில் ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் அதையே கட்டளையாக்கியது 1563-இல். அதற்காக எல்லா ஊரிலும் அவ்வளவு பழைய ஏடு கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் தேவாலயங்களோடு சேர்ந்து எரிந்தவை ஏராளம்.

சரி, உள்ளே என்னதான் இருக்கும்? ஐசனாக் நகரின் புனித ஜார்ஜ் தேவாலய ஏட்டில் 1685 மார்ச் 23-இன் பதிவைப் பாருங்கள். நகர இசைஞர் யோஹான் அம்புரோசியுஸ் பாக்குக்கு ஒரு மகன். ஞானத்தந்தையர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்): கோத்தா ஊர் செபாஸ்டியான் நாகல், உள்ளூர் வன அலுவலர் யோஹான் கியோர்க் கோஹ். பெயர்: யோஹான் செபாஸ்டியான். இசைமேதை பாக்கின் ஞானஸ்நானப் பதிவு இது. ஞானத்தந்தையர் இருவரின் பெயரும் குழந்தையின் பெயரில் ஏறிவிட்டதைக் கவனியுங்கள். ஞானப்பெற்றோர் பலசமயம் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள் என்பதால், அந்த வரியைத் தாண்டிப் போகிறவர் பாதிக் குடும்பத்தையே விட்டுவிடுவார்.

பாக் பிறந்தது மார்ச் 21. அந்தத் தேதி இந்தப் பதிவில் இல்லை. தமிழில் இதைப் ‘பிறப்பு இறப்புப் பதிவேடு’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குள்ள சண்டையே இதுதான். சபை எழுதியது தான் செய்ததை: முழுக்கு, மணம், அடக்கம். பிறந்த நாளும் இறந்த நாளும் இருந்தால் உபரி லாபம். பிறப்பு, இறப்பைப் பதிவதற்கென்றே அரசுப் பதிவு அலுவலகம் ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷியாவில் 1874-இலும் ஜெர்மன் பேரரசு முழுவதும் 1876-இலும்தான் வந்தது.

கையெழுத்து ‘குர்ரெண்ட்’ என்ற சாய்ந்த பழைய எழுத்து. ‘எ’யைக் குறிக்கும் எழுத்தும் ‘ன்’ எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். இதில் ஜெர்மன்காரர்களே தடுமாறுவார்கள். ஆனால் ஓர் இடத்தில் தமிழர் அவர்களை முந்திவிடலாம். பல போதகர்கள் கிழமையை எழுதாமல் கோளின் குறியைப் போட்டார்கள்: ஞாயிறுக்குச் சூரியன், திங்களுக்குப் பிறை, செவ்வாய்க்குச் செவ்வாய்க் கோள், அப்படியே சனி வரை. இன்றைய ஜெர்மானியர் பட்டியல் பார்த்துப் படிக்க வேண்டிய அதை நம் வீட்டுக் காலண்டரே சொல்லிக்கொடுத்துவிட்டது.

மாதத்தில்தான் ஆள் விழுவார். ‘7பெர்’ என்று இருந்தால் ஏழாம் மாதமல்ல, செப்டம்பர். லத்தீனில் ‘செப்டெம்’ என்றால் ஏழு. ‘8பெர்’ அக்டோபர். அப்புறம் 1700-இல் ஜெர்மனியின் லூத்தரன் அரசுகள் காலண்டரை மாற்றியபோது பிப்ரவரி 18-க்கு மறுநாள் மார்ச் 1 ஆனது. இடைப்பட்ட நாட்களில் யாருமே பிறக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

இந்த ஏடுகளுக்கு ஒரு கறுப்பு அத்தியாயமும் உண்டு. நாஜிகள் 1933-இல் அரசு ஊழியரிடம் ‘ஆரிய வம்சச் சான்று’ கேட்கத் தொடங்கியதும், தாத்தா பாட்டியின் ஞானஸ்நான நகலுக்காகச் சபை அலுவலகங்களில் மனுக்கள் குவிந்தன. முழுக்கு எழுதிய ஏட்டை இனம் பிரிக்கப் பயன்படுத்தினார்கள்.

இனி தமிழ்ச் சொல். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய 1706-இலிருந்து லூத்தரன் சபை நமக்கு அறிமுகம். ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் புழக்கத்தில் உள்ள சொற்களே. ஒரு தேவாலயத்தின் வட்டாரத்தைப் ‘பங்கு’ என்றால் கத்தோலிக்க வாடை வரும். பல ஊர்கள் ஒரே தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தை ஜெர்மனில் ‘கிர்ஷ்பீல்’ என்பார்கள். அதற்கு நம் சீர்திருத்தச் சபையாரின் ‘சேகரம்’ கிட்டத்தட்டப் பொருந்தும். தாத்தாவின் ஊரில் தேவாலயமே இல்லாவிட்டால் அந்தச் சேகரத்தின் தலைமை ஊரில்தான் ஏடு இருக்கும்.

ஈழத்தில் ‘தோம்பு’ என்ற சொல்லும் உண்டு. போர்த்துக்கீசிய ‘தோம்பொ’விலிருந்து வந்தது. நிலப் பதிவேட்டுக்கு அதுதான் பெயர். டச்சுக்காரர் காலத்தில் ஞானஸ்நானமும் கல்யாணமும் எழுதிய ஏட்டைப் பள்ளித் தோம்பு என்றார்கள். கருத்தில் கிர்ஹென்பூக்குக்கு இவ்வளவு நெருங்கிய உறவு வேறில்லை. ஆனால் தமிழ்நாட்டில் தோம்பு என்றால் பலருக்குப் புரியாது. ஆகவே என் ஓட்டு ‘சபைப் பதிவேடு’க்கு, உள்ளே இருப்பவை முழுக்கேடு, மண ஏடு, அடக்க ஏடு.