கீழே சொட்டாத கசிவு

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பத்து வருடப் பழைய கார். ராமேசுவரம் போகும்போது வெயிலில் எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. தண்ணீர் எங்கே போகிறது?"

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீர்தான் சுமந்து வெளியேற்றுகிறது. வாட்டர் பம்ப் நீரைத் தள்ளுகிறது, 80 டிகிரி தாண்டியதும் தெர்மோஸ்டாட் வழிவிடுகிறது, ரேடியேட்டரில் காற்று பட்டு நீர் ஆறுகிறது. இவ்வளவும் பள்ளிப் பாடம். பாடத்தில் வராத ஓர் உறுப்புதான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. அது ரேடியேட்டரின் மூடி.

மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ரப்பர் வளையம், அதை அழுத்தும் ஸ்பிரிங், நடுவில் பொத்தான் அளவில் இன்னொரு சின்ன வால்வு. மேலே 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருக்கும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அத்தனை பார் அழுத்தம் சேரும்வரை ஸ்பிரிங் அசையாது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். 0.9 பார் மூடிக்குள் வெறும் தண்ணீரே சுமார் 119 டிகிரியில்தான் கொதிக்கும். குளிர்விப்புக்கென்றே விற்கும் கூலன்ட் திரவம் சரிபாதி கலந்திருந்தால் அதற்கும் மேலே. அழுத்தம் எல்லை மீறினால் ஸ்பிரிங் எழும்பி, மிகுதி நீர் பக்கத்துப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகிறது. எஞ்சின் ஆறும்போது நீர் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். உடனே நடுவிலிருக்கும் சின்ன வால்வு திறந்து, போன நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மின்சாரம் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு ஸ்பிரிங்கும் கொஞ்சம் ரப்பரும் சேர்ந்து இதை வருடக்கணக்கில் செய்கின்றன. புதிய வண்டிகள் பலவற்றில் இதே மூடி டப்பாவின் மேல் இருக்கும்.

ஆகவே, கசிவு என்றால் நீர் இழப்பு மட்டுமல்ல. முதல் இழப்பு அழுத்தம். ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் போதும், 110 டிகிரியில் அமைதியாக ஓடவேண்டிய நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் சூடான சுவரை நீராவிப் படலம் மூடிக்கொள்ளும். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் ஒட்டாமல் உருண்டோடுவது இதே படலத்தால்தான். நீர் தொடாத இடத்தில் வெப்பம் இறங்காது. அலுமினிய ஹெட் வளைந்துபோகும். தண்ணீர் வெகுவாகக் குறைந்தால் சென்சார் நீராவியில் தொங்கும்; அப்போது முள் திடீரெனக் கீழே இறங்கவும் கூடும். அதை நம்பி ஓட்டுவது எஞ்சினையே பலி கொடுப்பது.

சூடான எஞ்சினில் இந்த மூடியைத் திறக்கவே கூடாது. 110 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரின் அழுத்தத்தை ஒரே கணத்தில் விடுவித்தால், அதில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆவியாகும். ஆனால் அந்த ஆவி ஏறத்தாழ 30 லிட்டர் இடம் கேட்கும். அது முகத்தில்தான் வந்து மோதும்.

வாசகரின் கேள்விக்கு வருகிறேன். ஆறிய வண்டியில் அழுத்தம் இல்லை, அதனால் வெடிப்பு மூடிக்கொள்கிறது. சூட்டில் அழுத்தம் ஏறும்போதுதான் திறக்கிறது. கசியும் நீரோ சூடான இரும்பில் பட்டுத் தரைக்கு வருமுன் காய்ந்துவிடுகிறது. எனவே ஈரத்தைத் தேட வேண்டாம், தடத்தைத் தேடுங்கள். ஹோஸ் கிளிப்பின் ஓரம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகிய இடங்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ உலர்ந்த பொருக்கு இருக்கும். நம் கரையோர ஈரக்காற்றில் ஏசி நிறைய நீர் சொட்டும். அது நிறமற்றது, விரலில் வழுக்காது. கூலன்ட் நிறத்தோடு பிசுபிசுக்கும், இனிப்பு வாடை வீசும்.

உறுதியான சோதனை கைப்பம்ப் சோதனை. ஆறிய எஞ்சினில் மூடிக்குப் பதில் பம்பைப் பொருத்தி, மூடியின் எண்ணளவுக்குக் காற்றடித்துக் கால் மணி நேரம் விட வேண்டும். பம்பின் அழுத்த முள் இறங்கினால் கசிவு உண்டு. வெளியே எங்கும் நனையாமல் இறங்கினால் இதே சூடான நீர் ஓடும் காருக்குள்ளான ஹீட்டரையும், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகிக்க வேண்டும். காலடி விரிப்பில் ஈரம் ஹீட்டரைக் காட்டும். விடாத வெள்ளைப் புகையும் பால் கலந்ததுபோன்ற எஞ்சின் ஆயிலும் கேஸ்கெட்டைக் காட்டும். நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது தணிந்தால் கசிவைவிட மின்விசிறியைப் பார்ப்பது நல்லது. கடற்காற்றில் அதன் இணைப்பு முனைகள் எளிதில் பச்சை பூத்துவிடும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடே ஏறாது" என்பார்கள் சில பட்டறைகளில். இதை மூடநம்பிக்கை என்றே சொல்வேன். எஞ்சின் உரிய வெப்பத்துக்கு வராமல் பெட்ரோலைத் தின்னும், தேயும். கசிவோ அப்படியே இருக்கும்.

இன்னொரு கேடு, உள்ளே ஊற்றும் தண்ணீர். ராமநாதபுரம் கரையில் பெரும்பாலான ஆழ்குழாய் நீர் உவர். அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கிறது. கசிவை நிரப்ப ஊற்றிய நீரே அடுத்த கசிவை உண்டாக்குகிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்தில் ஓர் அரிமானச் சோதனைக் களம் உண்டு. கடற்காற்று உலோகத்தை என்ன செய்கிறது என்று அங்கே உலோகப் பட்டைகளைத் திறந்தவெளியில் வைத்துப் பார்க்கிறார்கள். பல்லாண்டுகள் பொறுமை கேட்கும் இத்தகைய வேலைக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். கிடைத்த அறிவு மண்டபத்துப் பட்டறைக்காரரிடம் தமிழில் போய்ச் சேரவும் வேண்டும்.

அதுவரை, வண்டியில் காய்ச்சி வடித்த நீர் ஒரு கேன் வைத்திருங்கள். வழியில் வேறு கதியின்றி உவர்நீரை ஊற்ற நேர்ந்தால், வீடு வந்ததும் முழுவதையும் வடித்து, நல்ல நீரால் அலசி, உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் கூலன்டை நிரப்புங்கள். கூடவே மூடியையும் மாற்றுங்கள், அதே எண் பொறித்ததாகப் பார்த்து.