பருமன்சார் மரபணு

1999-இல் கால்விரல்கள் ஒட்டிப் பிறந்த ஆய்வக எலிகளில் காணாமல்போன மரபணு ஒன்றை ஜெர்மன் ஆய்வாளர்கள் பிடித்தார்கள். நல்ல நீளம். அதனால் அதற்கு 'ஃபேட்ஸோ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நம்மூர்ப் பேச்சில் 'குண்டன்'. சுருக்கம் எஃப்.டி.ஓ. கொழுப்புக்கும் அதற்கும் உறவு உண்டென்று அப்போது யாருக்கும் தெரியாது!

2007-இல் இரண்டாம் வகை நீரிழிவின் மரபணுக்களைத் தேடிய பிரிட்டன் ஆய்வு இதே குண்டனிடம் வந்து நின்றது. இதன் 'ஏ' வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமும் பெற்றவர்கள், அறவே பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை இருந்தார்கள். அதன்பின் பழைய எழுத்துகளுக்கே 'கொழுப்புத் திணிவு, உடற்பருமன் சார்ந்தது' என்ற கௌரவமான விரிவு கிடைத்தது.

இதைத் தமிழில் 'பருமன்சார் மரபணு' என்று எழுதுகிறேன். 'கொழுப்பு மரபணு' சரிவராது. கொழுப்பு என்றால் நமக்குக் கொலஸ்ட்ராலும் உண்டு, திமிரும் உண்டு. உடற்பருமனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலம் 'தின்று கொழுத்த' என்று பழி சுமத்துகிறது. 'பரு' என்ற வினையடியில் பிறந்த 'பருமன்' அளவை மட்டும் சொல்கிறது, குற்றம் சாட்டுவதில்லை. மரபு, அணு இரண்டும் சேர்ந்த மரபணு ஏற்கெனவே வேரூன்றிவிட்டது.

இந்தப் பெயரில் உயிரான சொல் 'சார்'தான். 'பருமன் தரும் மரபணு' என்று எழுதியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்போம். மாறுபாடு இருப்பது எஃப்.டி.ஓ.வுக்குள், அது ஆட்டிவைப்பதோ தள்ளியிருக்கும் ஐ.ஆர்.எக்ஸ்.3 முதலான அண்டை மரபணுக்களை என்று 2014, 2015 ஆய்வுகள் காட்டின. அதன் விளைவாகக் கொழுப்புச் செல் எரிக்க வேண்டியதைச் சேமித்துவைக்கிறது. 'தரும்' என்றே வைத்துக்கொண்டாலும் அது தலைவிதியல்ல: உடலுழைப்பு உள்ள பெரியவர்களிடம் இதன் தாக்கம் சுமார் 27% குறைவு என்று, 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்த 2011 ஆய்வு கண்டது.

நோய்க்கு வருவோம். 2007 பிரிட்டன் ஆய்வின் கணக்கில் உடல் எடைக் குறியீட்டின் (உயரத்துக்கு ஏற்ற எடை அளவின்) பங்கைக் கழித்ததும் நீரிழிவுத் தொடர்பு மறைந்தது. அதாவது மரபணு எடையைக் கூட்டுகிறது, எடை நோயைக் கூட்டுகிறது. புனே, மைசூர் மக்களிடம் நடந்த 2009 ஆய்விலோ எடையைக் கழித்த பின்னும் தொடர்பு முழுதாகப் போகவில்லை. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலில் வயிற்றுக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பது மருத்துவர்கள் அறிந்ததே.

நீரிழிவு போன்ற நோய்களை 'முதுமை நோய்கள்' என்பதும் எனக்கு உவப்பில்லை. முப்பதுகளிலேயே சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். இங்கும் 'வயதுசார் நோய்' என்றே எழுதலாம்.