‘ஓகே’ மட்டும் போதாது

‘ஓகே’ அச்சில் வந்ததற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று 1839 மார்ச் 23 தேதியிட்ட ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழ். ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே ‘ஓல் கொரெக்ட்’ என்று தப்பாக எழுதி, முதலெழுத்துகளை மட்டும் போடுவது அன்றைய பத்திரிகைகளின் வேடிக்கை. மறு ஆண்டே, அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மார்ட்டின் வான் பியூரனின் பட்டப்பெயரான ‘ஓல்ட் கிண்டர்ஹுக்’குடன் ஆதரவாளர்கள் இதைச் சேர்த்துக்கொண்டனர். அவர் தோற்றார், சொல் ஊன்றிவிட்டது.

பேச்சில் அது கேட்டேன், புரிந்தது, சம்மதம், செய்யலாம் என எதுவாகவும் இருக்கலாம். வாக்கியத்தைத் தொடங்கும் வெறும் அசையாகவும் வரும். விமான வானொலியில் ஆபத்து இங்கேதான்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையம், கடும் மூடுபனி. நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானத்தின் துணை விமானி, பறக்கும் வழித்தடத்துக்கான அனுமதியைத் திருப்பிச் சொல்லி, ‘டேக்-ஆஃப்’ நிலையில் இருப்பதாகவும் சேர்த்தார். கட்டுப்பாட்டுக் கோபுரம் “ஓகே” என்றது. சற்று இடைவெளி விட்டு, “காத்திருங்கள், அழைக்கிறேன்” என்றது. அதே நொடியில், ஓடுபாதையிலேயே இன்னும் இருப்பதாக அமெரிக்காவின் பான் ஆம் விமானமும் பேச, இரண்டு குரலும் மோதிக் கீச்சொலியானது. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டுமே. கேப்டன் அனுமதி வராமலே கிளம்பியிருந்தார். ஓடுபாதையில் இருந்த பான் ஆம் மீது கேஎல்எம் மோதியது. 583 பேர் இறந்தனர். மூடுபனி, அவசரம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நிறுத்தியிருக்கக்கூடிய ஒரு வாய்ப்பு அந்தச் சொல்லில் தொலைந்தது.

இன்று ‘டேக்-ஆஃப்’ என்பதை, அதற்கு அனுமதி தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்வார்கள். மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’. ‘ரோஜர்’ என்றால் முழுவதும் கேட்டது, அவ்வளவே, ‘ஆம்’ ஆகாது. ‘வில்கோ’ புரிந்தது, செய்கிறேன். ‘அஃபர்ம்’தான் ஆம்.

மருத்துவமனையில் போனில் மருந்து அளவு சொல்லும்போதும் இதே முறை வேண்டும். கேட்பவர் முதலில் எழுத வேண்டும், எழுதியதை வாசிக்க வேண்டும், டாக்டர் உறுதி செய்ய வேண்டும். ‘ஃபிஃப்டீன்’ என்பது ‘ஃபிஃப்டி’ ஆகக் கேட்கும். ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் கோட்டைவிடுவது சொன்னவர்தான்: எதிர்முனை வாசிக்கும்போது அவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். வெறும் ‘ஓகே’ வந்தால், “என்ன எழுதினீங்க, வாசிங்க சிஸ்டர்” என்று கேட்டுவிட்டே போனை வையுங்கள்.