நைட்ரஸுக்கான பெட்ரோலை எங்கே பிரித்தெடுப்பது?

எஞ்சினின் திறனைக் கூட்ட அதற்குள் விடும் நைட்ரஸ் ஆக்சைடு (சுருக்கமாக நைட்ரஸ்) எரிபொருள் கிடையாது. அது எஞ்சினுக்குக் கொண்டுவருவது கூடுதல் ஆக்சிஜனைத்தான். எடைக் கணக்கில் காற்றில் சுமார் 23 சதவீதம் ஆக்சிஜன், நைட்ரஸில் 36 சதவீதம். சூடு 300 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும்போது அந்த மூலக்கூறு உடையத் தொடங்கி ஆக்சிஜன் எரிப்பதற்குத் தயாராகிவிடும். சரி, ஆக்சிஜன் வந்துவிட்டது, அதோடு சேர்ந்து எரியப் பெட்ரோல்? வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ நைட்ரஸுக்கு 100 கிராமுக்குச் சற்று மேல் வேண்டும், நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் விடுவார்கள். பெட்ரோல் குறைந்தால் கலவை லீன் ஆகும், நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வரும், அப்புறம் பிஸ்டன் போகும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், எரியும் வாயுவோ 2000 டிகிரிக்கு மேல். பிஸ்டன் உருகாமல் இருப்பதே அது தாங்கும் அளவுக்குள் சூடு நிற்பதால்தான்.

இந்தக் கூடுதல் பெட்ரோலைச் சில நைட்ரஸ் கிட்கள் காரின் சொந்த இன்ஜெக்டர்கள் வழியாகவே கொடுக்கும், அவை டிரை கிட். அவற்றுக்குப் பெட்ரோல் லைனைத் தொட வேண்டியதில்லை. வெட் கிட்டில் நைட்ரஸும் பெட்ரோலும் ஒரே நாசில் வழியாகச் சேர்ந்து தெளிக்கப்படும், இரண்டுக்கும் தனித்தனி சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), தனித்தனி ஜெட் (ஓட்டத்தை அளவாக விடும் சின்னத் துளை). அந்தப் பெட்ரோல் சோலனாய்டுக்குக் காரின் லைனிலிருந்து ஒரு கிளை பிரிக்க வேண்டும். முழுக் கவனமும் வேண்டிய இடம் இதுதான், ஆனால் நிறையப் பேர் லீக் இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

எங்கே பிரிப்பது? இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாயான ஃபியூல் ரெயிலில் டயர் வால்வு போலவே ஒரு ஷ்ரேடர் வால்வு இருந்தால் வேலை சுலபம். உள்ளே இருக்கும் வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு அடாப்டரை மாட்டலாம். ஊசி உள்ளேயே இருந்தால் ஓட்டத்தை அடைக்கும். அது இல்லாத கார்களில் ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட வேண்டும். தொட்டிக்குத் திரும்பும் குழாயில் கூடவே கூடாது, அங்கே அழுத்தம் இராது. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் உயரழுத்தப் பக்கம் கை வைக்கவே வேண்டாம், அங்கே 100, 200 பார் அழுத்தம் ஓடும், பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். தொட்டியிலிருந்து உயரழுத்தப் பம்புக்கு வரும் பக்கத்தில்தான் பிரிக்க வேண்டும்.

இனி அழுத்தம். ஒரு ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 4 பாருக்கு ஜெட் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், நைட்ரஸ் திறந்த கணத்தில் அது 3 பாராக விழுகிறது என்றால் பெட்ரோல் 13 சதவீதம் குறையும். நைட்ரஸ் குறையாது, அது அடைத்திருக்கும் பாட்டிலின் அழுத்தத்தில், 20 டிகிரியிலேயே சுமார் 50 பாரில், வந்துகொண்டே இருக்கும். இன்னொரு மோசமும் உண்டு: கிளையும் இன்ஜெக்டர்களும் ஒரே லைனில் இருப்பதால், வீட்டில் ஒரு குழாயைத் திறந்தால் இன்னொன்றில் தண்ணீர் மெலிவதைப் போல, எஞ்சினின் சொந்தப் பெட்ரோலும் அதே நேரத்தில் குறைந்துவிடும்.

பம்புக்கு உபரித் திறன் இருக்கும் வரை இது நடக்காது. உபரி தொட்டிக்குத் திரும்பும் அமைப்பில் கிளை அந்த உபரியிலிருந்து எடுத்துக்கொள்ளும், ரெகுலேட்டர் திரும்பும் வழியைக் கொஞ்சம் மூடிக்கொண்டு அழுத்தத்தைக் காப்பாற்றும். ஆனால் ஆக்சிலரேட்டர் முழுசாக மிதிபட்டிருக்கும்போதுதான் எஞ்சின் அதிகம் குடிக்கும், உபரி மிகக் குறைவாக இருக்கும், நைட்ரஸ் திறப்பதும் அப்போதுதான். அதனால் ஐட்லிங்கில் மீட்டர் அருமையாகக் காட்டுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. முழு லோடில், நைட்ரஸ் ஓடும்போது பதிவான அழுத்தம்தான் கணக்கு. அது இறங்கினால் பெரிய ஜெட் போடுவது தீர்வல்ல, அது இன்னும் இறக்கும். பம்பைத்தான் மாற்ற வேண்டும்.

கைவேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை அது தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் லைனின் அழுத்தம் இறங்கும், பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இணைப்பைத் திறக்கலாம், கொஞ்சம் பெட்ரோல் எப்படியும் வரும். நைலான் லைனை வெட்டி ரப்பர் ஹோஸைச் செருகி கிளாம்ப் போடுவது ஆபத்தான வேலை. கம்பெனி இணைப்பிலேயே சொடுக்கி மாட்டும் அடாப்டர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஹோஸ் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கானதாக இருக்கட்டும், கார்புரேட்டர் ஹோஸ் போதாது. ஏஎன் ஃபிட்டிங் எனும் திருகு இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அது உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்து அடைக்கும் வகை, டேப்பின் பிசிறு போய் ஜெட்டை அடைத்தால் நைட்ரஸ் மட்டும் தனியாக உள்ளே போகும். இதே காரணத்துக்காக சோலனாய்டுக்கு முன் ஒரு சின்ன ஃபில்டரும் வேண்டும்.

கடைசியாக, அதே கிளையில் சோலனாய்டுக்கு முன்னால் ஒரு அழுத்த ஸ்விட்ச். அதை நைட்ரஸ் ரிலேயின் (சோலனாய்டுகளுக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்) வயரோடு தொடராக இணைத்தால், பெட்ரோல் அழுத்தம் குறித்த அளவுக்குக் கீழே போனதுமே இரண்டு சோலனாய்டும் மூடிக்கொள்ளும். கிட்டோடு வராவிட்டாலும் தனியாக வாங்கிப் போடுங்கள், வயரிங் முடிந்த பிறகு அந்த அழுத்த ஸ்விட்சின் வயரைக் கழற்றிவிட்டு சிஸ்டம் நிஜமாகவே நிற்கிறதா என்று பாட்டிலை மூடி வைத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.