ரயிலில் பின்னிக்கொண்டே ஊருக்குப் போகிறவர்களுக்கு

டெல்லியில் குளிர் தொடங்கிவிட்டால் எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு இரண்டு வகையான மணிக்கட்டு வலி வரும். ஒன்று வருஷம் முழுக்க வருகிற லேப்டாப்காரர்களின் வலி, அதை விடுங்கள். இன்னொன்று ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுடையது, அதிலும் குறிப்பாக ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர்களுடையது. ஆர்.கே.புரம், ஜனக்புரி, மயூர் விஹார் பக்கம் தமிழ் வீடுகளில், பஞ்சாபிப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு வெயிலில் உட்கார்ந்து பின்னக் கற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர். வீட்டில் மாதக்கணக்கில் பின்னியும் ஒன்றும் ஆகாத கை, சென்னைக்கு ஒரு தடவை போய் வந்ததும் கட்டைவிரல் ஓரமாகப் பிடித்துக்கொள்கிறது. ஏன் என்று கேட்டால் ரயில் ஆட்டம், ஏசி குளிர், அந்தத் தலையணை என்று வரிசையாகக் காரணம் வரும். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் விஷயம் வெளியே வரும்.

"அண்ணா பேரனுக்குப் பேர் வைக்கறதுக்குள்ள முடிச்சுடணும்னு இருந்தேன் டாக்டர். நாக்பூருக்குள்ள முன்பக்கம், வரங்கலுக்குள்ள ஒரு கைன்னு கணக்குப் போட்டுண்டேன்" என்றார் ஒரு மாமி.

இந்தக் கணக்குதான் பிரச்சினை. பின்னுவதில் தப்பே இல்லை, பயணத்தில் பின்னுவதிலும் இல்லை. போகிற வழியில் இவ்வளவு முடித்தாக வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டு பெட்டி கட்டுகிறோமே, அதுதான் கையைக் கெடுக்கிறது.

யோசித்துப் பாருங்கள். புதுடெல்லியில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் 2,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மூன்றாம் நாள் காலையில்தான் சென்னை சென்ட்ரல். நடுவில் ஒரு முழுப் பகல் சும்மா கிடக்கிறது, பின்னுகிறவர் கண்ணுக்கு அது பொன்னான நேரம். வீட்டில் என்றால் அரை மணி நேரம் பின்னுவதற்குள் குக்கர் விசில் அடிக்கும், காய்கறி வண்டிக்காரர் கூப்பிடுவார், போன் வரும். எழுந்திருப்பீர்கள், கை ஓய்வெடுக்கும், ஓய்வு கொடுத்தோம் என்றே உங்களுக்குத் தெரியாது. ரயிலில் எழுப்ப ஆளில்லை. இன்னும் ஒரு வரிசை, இந்த வரிசையோடு சரி என்று காலை டீயில் ஆரம்பித்தது, மதியச் சாப்பாட்டைத் தவிர நிற்காமல் இருட்டும்வரை போகும். தினம் ஒரு மணி நேரம் பழகிய கைக்கு ஒரே நாளில் எட்டு மணி நேரம் கொடுத்தால் அது எப்படித் தாங்கும்?

கட்டைவிரலைத் தூக்கவும் விரிக்கவும் உதவுகிற இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகலான உறைக்குள் நுழைந்து போகின்றன. ஊசியைப் பிடித்த கட்டைவிரல் நூலைத் தள்ள, அதே சமயம் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சாய, ஒவ்வொரு கண்ணிக்கும் அந்த நாண்கள் உறையின் ஓரத்தில் உரசும். ஆயிரக்கணக்கில் உரசினால் உறை தடித்து, நாண் நகர இடமில்லாமல் போகும். 1895-இல் ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வான் இதை விவரித்து எழுதியதால் இன்றும் அவர் பெயராலேயே இதைச் சொல்கிறோம். காபி டம்ளரைத் தூக்கும்போது, பாட்டில் மூடியைத் திருகும்போது, குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கும்போது கட்டைவிரல் அடியில் சுரீர் என்று இழுக்கும். பேரனைத் தூக்கத்தானே ஊருக்குப் போனது, அங்கே போய் அவனைத் தூக்க முடியாமல் நிற்பதைவிட ஸ்வெட்டர் பாதியில் நின்றால் என்ன?

(ஒரு சோதனை உண்டு. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் அந்த இடத்தில் வலி தெரியும். ஒரு தடவை பார்த்தால் போதும். மணிக்கொரு தரம் செய்து பார்த்து வலியை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.)

விரல் மரத்துப்போனால் எந்த விரல் என்று கவனியுங்கள், அதிலேயே பாதி பதில் இருக்கிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, ராத்திரியில் கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது. சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சுலபமாக வரும். சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்தால் தகராறு பெரும்பாலும் முழங்கையில். சைடு லோயரில் உட்கார்ந்து, முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றி, கையை மடக்கியபடியே மணிக்கணக்கில் பின்னினால் இதுதான் நடக்கும். முழங்கையின் உட்பக்கம் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்குமே, அந்த நரம்பைத்தான் ஜன்னல் கம்பியின் அடிக்கட்டை அழுத்திக்கொண்டிருக்கிறது. மடியில் தலையணையை வைத்து அதன்மேல் இரண்டு முன்கைகளையும் சாய்த்துக்கொண்டு பின்னுங்கள். ரயில்வே கொடுக்கிற தலையணை தூங்குவதற்கு எப்படியோ, இதற்குப் பிரமாதம்.

சரி, பையில் என்ன வைப்பது? பெரிய ஸ்வெட்டரின் முதுகுப் பாகத்தை நீள ஊசியோடு எடுத்துப் போகாதீர்கள். 35 செண்டிமீட்டர் அலுமினிய ஊசியின் நுனியில் பின்னிய துணி முழுக்கத் தொங்கும், அந்தக் கனம் மொத்தமும் மணிக்கட்டில் இறங்கும், பக்கத்து சீட்டுக்காரர் விலாவில் ஊசிமுனையும் குத்தும். நடுவில் ஒயர் வைத்த வட்ட ஊசி என்றால் துணி மடியில் கிடக்கும், ஊசியும் தொலையாது. காலுறை பின்னுகிற நாலு குட்டி ஊசி செட் வேண்டவே வேண்டாம், ஒன்று நழுவினால் பெர்த்துக்கு அடியில் நாலு பேர் செருப்புக்கு நடுவே குனிந்து தேட வேண்டும். நம் கடைகளில் ஊசி எண் ஏற ஏற ஊசி மெலிந்துகொண்டே போகும் என்பது உங்களுக்கே தெரியும்: 8 என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25. பயணத்துக்கு 8 அல்லது அதைவிடத் தடியானதையே எடுங்கள். மெல்லிய ஊசியை இறுக்கிப் பிடிக்கத்தான் கை அதிகம் உழைக்கிறது. கறுப்பு, கருநீல நூல் வேண்டாம். அந்த வெளிச்சத்தில் கண்ணி தெரியாமல் கழுத்தை மடித்துக்கொண்டே போவீர்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய டிசைனும் வேண்டாம். எந்த வரிசையில் நிறுத்தினாலும் பாதகமில்லாத ஒரு மஃப்ளர், குழந்தைக் குல்லா, அவ்வளவு போதும். சென்னையில் குல்லாவா என்று சிரிக்காதீர்கள், மார்கழிக் காலையில் 22 டிகிரிக்கே காதை மூடிக்கொண்டு வாக்கிங் போகிற ஊர் அது.

இதில் நான் பிடிவாதமாகச் சொல்வது நூலின் அளவைத்தான். 50 கிராம் உருண்டை ஒன்றோ இரண்டோ, அதற்கு மேல் வைக்காதீர்கள். வழியில் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பதறி, ஆறு உருண்டை எடுத்துப் போகிறவர்கள்தான் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். தீர்ந்தால் தீரட்டுமே. "அரை மணிக்கு ஒரு தரம் நிறுத்துங்கள்" என்று நான் எழுதிக் கொடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை, நூல் தீர்ந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். நிகழ்ச்சிக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளம்புமுன் முடித்துவிடுங்கள், முடியாவிட்டால் கவரில் பணம் வையுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படுக்கை நேரத்தில் பின்னல் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை நடு பெர்த்தைத் தூக்கிப் போட்டுக்கொள்ள அந்த பெர்த்துக்காரருக்கு உரிமை உண்டு. அது விரிந்தபின் லோயரில் நிமிர்ந்து உட்கார முடியாது, கழுத்து முன்னால் வளைந்தபடியே இருக்கும். கீழ் பெர்த்தில் அப்படிக் கூனிக்கொண்டு போன் வெளிச்சத்தில் பின்னியவரின் கழுத்தை நேர் செய்ய எனக்குப் பல வாரம் பிடிக்கும். விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சோதனை இடத்தில் ஊசியை விடுவதும் வாங்கி வைத்துக்கொள்வதும் அங்கிருக்கும் சிஐஎஸ்எஃப் பணியாளரின் முடிவு. வாக்குவாதம் செய்து பலனில்லை, செக்-இன் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள்.

கையைவிட முக்கியமானது கால். உட்கார்ந்த இடத்திலேயே கெண்டைக்கால் அசையாமல் கிடந்தால் ரத்தம் தேங்கி உறையலாம். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 4 மணி நேரமோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் உட்கார்ந்து பயணித்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று கண்டார்கள். விமானம் மட்டுமல்ல, ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். பயப்படாதீர்கள், இரண்டு மடங்கானாலும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் பின்னுகிறவர் மற்றவர்களைவிட அசையாமல் உட்காருகிறவர், அதற்கு மேல் பாத்ரூம் போக அருவருத்துத் தண்ணீரே குடிக்காமல் வருகிறவர்கள் நம் பெண்களில் பாதிப் பேர். தண்ணீர் குடியுங்கள், பாத்ரூம் போக எழுந்திருப்பதே பாதி வைத்தியம். உருண்டையை ஓரம் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம்வரை நடந்து போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது தடவை ஏற்றி இறக்குங்கள். சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், பிரசவமானவர்கள், முன்பே இப்படி ரத்தம் உறைந்து அவதிப்பட்டவர்கள் டிக்கெட் போடும்போதே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வலித்தால் அன்றோடு ஊசியை மூடி வைத்துவிடுங்கள். தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது, நெட்டி முறிக்கக் கூடாது. மருந்துக்கடையில் மணிக்கட்டுப் பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறார்கள், கட்டைவிரல் வலிக்கு அதனால் பிரயோஜனமில்லை. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டையாகக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகியும் டம்ளர் தூக்கும்போது இழுத்தாலோ, மரத்துப்போனது போகாவிட்டாலோ வாருங்கள், ஆரம்பத்தில் வந்தால் பெரும்பாலும் ஊசி மருந்து, ஆபரேஷன் இல்லாமலே சரி செய்துவிடலாம். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ, ஊருக்குப் போய் வந்து சில வாரம் ஆகியிருந்தாலும் சரி, என்னிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள், ரயிலில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.