கத்தினால்தான் வலியா?

போன கிழமை தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கிழட்டு நாயைச் சாக்கில் சுற்றி, மிருக வைத்தியரான என்னிடம் தூக்கி வந்தார்கள். வயது 14. ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததில் இடுப்பெலும்பு அழுத்திப் புண், புண்ணில் புழு. "கத்தவே இல்லீங்க சேர், வலி இல்லேன்னு விட்டுட்டோம்." இந்த மழைக்காலத்தில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

காலை மிதித்தால் நாய் கத்தும். மாதக்கணக்கான மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் புற்றுக்கும் பெரும்பாலும் கத்தாது, ஒடுங்கிப் போகும். ராத்திரி படுக்க முடியாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இஸ்தோப்புப் படி ஏற யோசிக்கும். ஒரே மூட்டை நக்கும். பிள்ளை தொட்டால் உறுமும். நுவரெலியாக் குளிரில் சும்மா படுத்திருக்கும் நாய் மூச்சிரைத்தால் அது வெக்கையாலா? "வாலாட்டுதே" என்கிறீர்கள். உங்களைக் கண்டால் சாகிற அன்றும் ஆட்டும்.

அதற்காகக் கிழட்டு நாயை எல்லாம் கருணைக்கொலை ஊசிக்குக் கொண்டுவராதீர்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்கினால் மறுபடி சோறு தின்னும். மூட்டு வலிக்கு மருந்து உண்டு; ஈரச் சீமெந்துத் தரையில் விடாமல் பலகை போட்டுப் படுக்க வையுங்கள். கருத்தடை செய்யாத பெட்டை ஓயாமல் தண்ணீர் குடித்து, பின்னால் சீழும் வடிந்தால் கர்ப்பப்பையைப் பார்க்க வேண்டும், அன்றே வாருங்கள். உங்கள் டைக்ளோபினாக், இபுபுரூபன் வலி மாத்திரைகளை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வயிறு புண்ணாகும், சிறுநீரகம் போகும்.

எப்போது முடிவெடுப்பது? அமெரிக்க மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் சொன்ன கணக்கு எனக்குப் பிடிக்கும். வலி, பசி, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடவா என்று ஏழு விடயம், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி; நன்றாக இருந்தால் 10, மோசமென்றால் 0 (வலி இல்லையென்றால்தான் 10). 35க்கு மேலென்றால் வைத்துப் பார்க்கலாம். வீட்டிலிருக்கும் பாட்டியிடம் புள்ளி கேளுங்கள். கொழுந்துக்குப் போகிறவர் பகலில் அது படும் பாட்டைப் பார்ப்பதில்லை.

"நாயைக் கொல்லக் கூடாதுன்னு சட்டமாமே?" 2006இல் அரசாங்கம் நிறுத்தியது தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை. தேறாத நோயில் கிடக்கும் உங்கள் நாய்க்கு வைத்தியர் ஊசி போடுவது வேறு கதை. பாவம் என்று சொல்லிக்கொண்டே பசாரில் கொண்டுபோய் விடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

ஊசி போடும்போது முதலில் மயக்கம், அப்புறம் நாளத்தில் மருந்து. சில நிமிடத்தில் முடிந்துவிடும். கண் மூடாது, ஓரிரு மூச்சு இழுக்கலாம், மூத்திரமும் போகும். பிள்ளைகளிடம் முதலே சொல்லிவையுங்கள். குழியை ஆழமாக வெட்டுங்கள், கான் பக்கம் வேண்டாம். மருந்து ஏறிய உடலை வேறு நாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து.